அப்பாவின் பழைய கணினி: இருப்பதன் மேலேயே விண்டோஸ் 11 ஏற்றுவதா, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

ஈசூன்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 74. சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் அவருடைய அறையில் 2018-இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது என்று திரையில் வந்த அறிவிப்பை ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நான் போகும்போதெல்லாம் எடுத்து நீட்டுகிறார். வங்கிக்கும் சிங்பாஸுக்கும் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்) அதைத்தான் பயன்படுத்துகிறார், அதனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். மெதுவோ மெது. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் கோப்பி கலக்கி எடுத்து வந்து உட்கார்ந்த பிறகுதான் திரை முழுதாக வரும்.

விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். எப்படி என்பதுதான் கேள்வி. இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மேலேயே ஏற்றுவதா, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவதா? ஒரு கடையில் விசாரித்தேன். “ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம், 120 வெள்ளி, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க” என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. 2012-இல் அப்பாவின் மடிக்கணினியைச் சொந்தக்காரப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தில் ஃபார்மட் செய்து கொடுத்தான். கோப்புகளை எல்லாம் பத்திரமாக நகலெடுத்துத்தான் வைத்திருந்தான், ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் திறந்தால் தமிழைக் காணோம். கோயில் திருவிழா அறிவிப்புகள், அவர் எழுதிய மேடை நாடகங்கள், அக்கா கல்யாணத்துக்கு எழுதிய வாழ்த்துப்பா எல்லாமே தலையில் கோடும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நின்றன. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் அவருடைய நண்பர் ஒருவர் பழைய எழுத்துரு சிடி கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார், சரியானது. அந்த நண்பர் இப்போது இல்லை. சிடியும் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதனால் மேலேயே ஏற்றுவதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலக நண்பர்களோ அப்படிச் செய்தால் பின்னால் தொல்லை என்கிறார்கள். எது சரி?

கோப்பி ஓ கோசோங்

துடைத்துவிட்டுப் போடுங்கள். ஏழெட்டு வருஷத்துக் குப்பை மேல் புது விண்டோஸ் ஏற்றுவது, பாசி பிடித்த சுவரைச் சுரண்டாமல் சாயம் அடிக்கிற மாதிரி. ஒரு மழைக்குத் தாங்கும்.

அவசரமும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, அமைப்புகளை அதில் ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை இலவசமாகவே வரும். அது பிடிக்காவிட்டால் 30 அமெரிக்க டாலர் கட்டலாம். அதை இன்றே செய்துவிட்டு, நிதானமாக ஒரு நீண்ட வார இறுதி வரும்போது உட்காருங்கள்.

ஸ்குரூடிரைவர்

கோசோங் சொன்ன கடைசிப் பத்தி சரி. பாசிக் கதை சரியில்லை.

மேலே ஏற்றினாலும் பழைய விண்டோஸ் மேல் புதியதைப் பூசுவது கிடையாது. புதிய சிஸ்டம் ஃபோல்டரைத் தனியாகக் கட்டி, பழையதை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்று ஓரமாகத் தள்ளிவிட்டு, உங்கள் நிரல்களையும் அமைப்புகளையும் கோப்புகளையும் புதியதற்குள் குடியேற்றும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம். எங்கள் புளோக்கில் பாட்டிகள் வீட்டுக் கணினி ஐந்தாறுக்கு நான் இப்படித்தான் செய்து கொடுத்தேன், யாரும் குறை சொல்லவில்லை. குப்பையும் கூடவே குடியேறும் என்பது மட்டும் உண்மை. தானாகத் தொடங்கும் நிரல்கள், வீணாய்ப்போன பழைய டிரைவர், எதற்கென்றே தெரியாத மூன்று கருவிப்பட்டைகள் எல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து சேரும்.

ஆனால் தம்பி, உங்கள் அப்பாவின் கோப்பி நேரத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான். கணினி தொடங்கியதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். 100 விழுக்காட்டில் சிவந்து நின்றால் எந்த வழியில் விண்டோஸ் 11 போட்டாலும் இதே கதிதான், எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றியே ஆகவேண்டும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அமைப்புகளில் ‘அபௌட்’ பக்கத்தில் ரேம் என்ன, சிஸ்டம் வகை என்ன என்று போட்டிருக்கும், அந்த இரண்டு வரியையும் எழுத்து மாறாமல் இங்கே போடுங்கள். அப்புறம் விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பயாஸ் மோட் (விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும் நிரல் எந்த முறையில் ஓடுகிறது) என்ற இடத்தில் லெகசி என்ற பழைய முறையா, யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையா என்று பாருங்கள்.

எட்டாம் தலைமுறை என்பதால் செயலி விண்டோஸ் 11 பட்டியலுக்குள் வந்துவிடும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இல்லை என்று காட்டினால் பயப்படவேண்டாம். இன்டெல் பலகைகளில் அது பிடிடி என்ற பெயரில் பயாஸுக்குள் அணைந்து கிடக்கும், எழுப்பிவிட்டால் போதும்.

ஈசூன்காரன்

ஸ்குரூடிரைவர் அக்கா, நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். டிஸ்க் 100-இல்தான் நிற்கிறது, நீங்கள் சொன்ன அதே சிவப்பு. மற்றவை:

ரேம்: 8.00 ஜிபி (பயன்படுத்தக்கூடியது 3.42 ஜிபி)
சிஸ்டம் வகை: 32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 செயலி
பயாஸ் மோட்: லெகசி

அந்த 3.42 என்ன கணக்கு? ரேம் கெட்டுப்போய்விட்டதா?

ஸ்குரூடிரைவர்

ஐயோ. ரேம் நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ்தான் பாதி கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது.

வீட்டுக் கணினிகளில் 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எட்டிப் பார்க்காது, அதிலும் ஒரு பகுதியை மற்ற சாதனங்களுக்கு விட்டுக்கொடுத்துவிடும். 8 ஜிபிக்குக் காசு கொடுத்துவிட்டு இத்தனை வருஷமாக மூன்றரைக்கும் குறைவாகத்தான் அப்பா பயன்படுத்தி வந்திருக்கிறார். இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கிலேயே எழுதி எழுதிப் படிக்கிறது, சிவப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும். லெகசி மோடும் அந்த 32-பிட்டால் வந்ததுதான்.

உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 11-இல் 32-பிட் என்ற வகையே கிடையாது. 32-இலிருந்து 64-க்கு மேலேயே ஏற்றும் வழியை மைக்ரோசாஃப்ட் எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை. நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் புதிதாகத்தான் போடவேண்டும்.

2018-இல் யார் 32-பிட் போட்டது என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யாரோ ஏதோ காரணத்துக்காகச் செய்திருக்கவேண்டும், கைதவறி நடக்கிற காரியம் இல்லை இது.

ஈசூன்காரன்

கேட்டேன். சிரிக்கிறார். வாங்கி வந்த முதல் வாரம் அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஏறவே இல்லையாம், ‘இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது’ என்று வந்ததாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். “அந்தப் பையன் வேற விண்டோஸ் போட்டான், உடனே வேலை செஞ்சுது, கெட்டிக்காரப் பையன்” என்கிறார்.

ஸ்குரூடிரைவர்

கெட்டிக்காரன்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸ் 95 காலத்து மென்பொருள்கள் பலவற்றில் நிறுவும் நிரல் 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல் ஓடாது, 32-பிட்டில் ஓடும். அப்பாவுக்குத் தமிழ் வேண்டும், அதற்கு நாலரை ஜிபி ரேமை விலையாகக் கொடுத்திருக்கிறான்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், ஃபார்மட் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். புதிதாகப் போடுவது என்றால் பழையதை அழிப்பது என்று யார் சொன்னது? ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள், 500 ஜிபி தாராளம். பெட்டியைத் திறந்து பழைய ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், அதே வயரில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். பழைய டிஸ்க் கணினியோடு தொட்டுக்கொண்டே இருக்கக்கூடாது, இதில் சோம்பல்படாதீர்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் நிறுவி சில சமயம் தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும், தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அழித்தவர்களும் உண்டு (நான்தான்).

பயாஸில் லெகசி முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம்-ஐ அணைத்து, பிடிடி, செக்யூர் பூட் (நம்பகமான தொடக்கக் கோப்புகளை மட்டும் ஓடவிடும் காவல்) இரண்டையும் போட்டுவிடுங்கள். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து 8 ஜிபி யூஎஸ்பியில் விண்டோஸ் 11 தயார் செய்துகொள்ளலாம். நிறுவும்போது உரிம எண் கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று தள்ளிவிட்டு, இப்போது இருக்கும் அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், ஹோம் என்றால் ஹோம். உரிமம் தாய்ப்பலகையோடு பதிந்திருக்கும், 32-ஆ 64-ஆ என்று பார்க்காது. இணையம் கிடைத்ததும் தானே செயல்படுத்திக்கொள்ளும். 120 வெள்ளியை மிச்சம் பிடித்து எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பழைய டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டிக் கோப்புகளை நகலெடுக்கலாம். ஏதாவது விடுபட்டது தெரிந்தால், எஸ்எஸ்டியைக் கழற்றிப் பயாஸைப் பழையபடி மாற்றினால் அப்பாவின் 2018 அப்படியே எழுந்து நிற்கும். எழுத்துரு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பு

நான் சொல்கிறேன். தேக்கா பக்கம் ஒரு அச்சகத்தில் இருபது வருஷம் தமிழ் பக்கம் அமைத்தவன். 2012-இல் உங்கள் வீட்டில் நடந்தது எங்கள் கடையில் மாதம் ஒருமுறை நடக்கும்.

அப்பாவின் பழைய கோப்புகளுக்குள் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. 90-களில் நாங்கள் எல்லாரும் என்ன செய்தோமென்றால், ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தோம். கோப்பில் ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்தின் எண் இருக்கும், எழுத்துருதான் அதற்கு ‘கூ’ என்று வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு போனால் வேஷம் கலைந்துவிடும். இதில் ஆளுக்கொரு எண் வரிசை வேறு. நா. கோவிந்தசாமியின் கணியன் இங்கே, முரசு அஞ்சல் மலேசியாவிலிருந்து, தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ. இந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்கத்தான் 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடே கூடியது, 1999-இல் சென்னையில் மறுபடி கூடி டாம், டாப் என்று இரண்டு தரம் வகுத்தார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான எண் வரிசையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தும் விண்டோஸில் அது வந்தது 2000-த்தில்தான், அதுவரைக்கும் எழுதியதெல்லாம் இந்த வேஷம்தான்.

பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன் அந்தக் கணினியிலேயே இவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு காலத்துக் கோப்பிலும் ஒன்றை வேர்டில் திறந்து, தமிழ் வரியில் சொடுக்கி, மேலே என்ன எழுத்துருப் பெயர் காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்து பெயர் சிக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து அந்தப் பெயர்களைத் தேடி ஒரு யூஎஸ்பியில் நகலெடுங்கள். நிறுவும் நிரல் 64-பிட்டில் ஓடாவிட்டால் போகட்டும், டிடிஎஃப் எழுத்துருக் கோப்பு தனியாக விண்டோஸ் 11-இல் ஏறும். வலச்சொடுக்கு, ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’, அவ்வளவுதான். அந்த நண்பரின் சிடியைத் தேடி அலையவேண்டாம், அதில் இருந்தது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, முக்கியமானவற்றைத் தமிழ் ஒழுங்காகத் தெரியும் அந்தக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் வேஷம் கலையும். அதனால் பிடிஎஃப்பை நம்பி மூலக் கோப்பைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி கருவிகள் இருக்கின்றன. முதலில் உரையை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டிஸ்கி (அதுவும் ஓர் எண் வரிசை), டாப் வகை, நடுவில் வரும் ஆங்கிலம் பிழைத்துக்கொள்ளும். சாதாரண ஆங்கில எழுத்தாகவே நின்றால் பாமினி என்ற எழுத்துரு வகை. அதில் ‘புளோக் 743’ என்பதற்கு அப்பா ஆங்கிலத்தில் புளோக் என்று எழுதியிருந்தால் அதையும் தமிழாக்கிக் குதறி வைக்கும். நாடகத்தில் பாதி வசனம் சிங்கப்பூர் ஆங்கிலம் என்றால் பக்கம் பக்கமாக உட்கார்ந்து திருத்தவேண்டியதுதான்.

பின்னாளில் லதா எழுத்துருவில் எழுதியவை பிரச்சினை இல்லை, அது யூனிகோடு. ஆனால் புதிய விண்டோஸில் லதா தானாக இருக்காமல் போகலாம், வேறு எழுத்துரு வந்து வரிகள் இறங்கிப் பக்கம் கலையும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்’ என்று தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எழுதுவதற்கு அப்பா எந்த விசைப்பலகை? அஞ்சலும் தமிழ்99-உம் இப்போது விண்டோஸிலேயே இருக்கின்றன. பழைய தட்டச்சு முறை என்றால் இ-கலப்பை என்ற தட்டச்சு நிரலைப் பாருங்கள்.

தெம்பனிஸ் தம்பி

மேலே எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் பட்ட இரண்டு அடி மட்டும்.

குரோமில் சேமித்த கடவுச்சொற்கள். கூகுள் கணக்கில் ஒத்திசைத்திருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் குரோம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் பயன் இல்லை, பழைய விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்பே, பழைய விண்டோஸிலிருந்தே ஏற்றுமதி செய்துவிடுங்கள், வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

அப்புறம் மறைக்குறியாக்கம். இப்போதைய விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் டிஸ்க்கை அதுவே பூட்டிக்கொள்ளும், ஹோம் பதிப்பில்கூட. என் தங்கை மடிக்கணினியில் பயாஸ் புதுப்பித்த மறுநாள் அந்தப் பூட்டைத் திறக்க 48 இலக்க எண் கேட்டது. அவளுக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்ததால் தப்பித்தாள், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொள்ளவே ஒரு மணி நேரம் ஆனது. ஸ்குரூடிரைவர் அக்கா சொல்கிற மாதிரி டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பயாஸில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால் இது கேட்க வாய்ப்பு அதிகம். எண்ணை அச்சடித்து அப்பாவின் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கோப்போடு வையுங்கள். அதை மட்டும் அப்பாக்கள் தொலைக்கமாட்டார்கள்.

கோப்பி ஓ கோசோங்

பாசியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் துடைத்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஸ்குரூடிரைவர்

நீங்கள் சொன்னபடி துடைத்திருந்தால் எழுத்துரு போயிருக்கும். பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஈசூன்காரன்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிந்தது. அதில் சனிக்கிழமை முழுவதும் எழுத்துருவுக்கே போய்விட்டது. அச்சுக்கோப்பு ஐயா சொன்னபடி தாளில் எழுதினோம். ஆறு பெயர் வந்தது, அதில் ஒன்று அந்த நண்பர் தானே வரைந்த எழுத்துரு என்று அப்பா சொன்னார். எனக்கு இதுவரை தெரியாது. அந்தக் கோப்பை மட்டும் மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் போட்டதெல்லாம் ஒரு மணி நேர வேலை. பயாஸில் பிடிடியைத் தேடித்தான் கொஞ்சம் அலைந்தேன். உரிமம் தானே வந்துவிட்டது. ரேம் 8-உம் தெரிகிறது. பொத்தானை அழுத்தி அப்பா எழுந்து நிற்பதற்குள் திரை வந்துவிட்டது, கோப்பிக்குப் போகவேண்டுமா வேண்டாமா என்று அப்படியே நின்றார்.

முதலில் திறந்தது அக்காவின் கல்யாண வாழ்த்துப்பா. 2003-இல் எழுதியது. தமிழ் நன்றாக வந்துவிட்டது, நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, இரண்டாவது வரியில் விரலை வைத்து, “இங்க ஒரு ‘க்’ விட்டுப் போச்சு, இத்தனை பேர் படிச்சும் ஒருத்தனும் சொல்லல” என்றார். திருத்திச் சேமித்தும்விட்டார்.

பிரிண்டர் மட்டும் இன்னும் மசியவில்லை. 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.